செம்மஞ்சள் சேட்டு எதற்கு என்று கேட்ட தங்கச்சிக்கு

கனடாவுக்கு வந்து எட்டு மாதத்திலேயே இதைக் கேட்டிருக்கிறீர்கள், தங்கச்சி. நான் வந்து பதினைந்து வருசம் கேட்கவேயில்லை. வேலை, வீட்டு மோட்கேஜ், சீட்டுக்காசு என்று ஓடினேன்.

செப்டம்பர் 30ஆம் திகதி உங்கள் மகன் பாடசாலைக்குச் செம்மஞ்சள் சேட்டு போட்டு வரவேண்டுமாம். விடுதிப் பாடசாலைகளில் இருந்த பூர்வகுடிப் பிள்ளைகளின் நினைவுக்காம். "எங்கட ஊரிலும் பாதர்மார் போர்டிங் நடத்தினவைதானே, இதுக்கு ஏன் ஒரு நாடே துக்கம் கொண்டாடுது?" என்று எழுதியிருந்தீர்கள். எனக்கும் முதலில் அதே குழப்பம்தான்.

எங்கள் யாழ்ப்பாணத்தில் போர்டிங் என்றால் அம்மா காப்பை அடைவு வைத்தாவது பிள்ளையைச் சேர்ப்பா. வட்டுக்கோட்டையில் 1823இல் அமெரிக்க மிசனறிமார் தொடங்கிய செமினறியில் படித்தவர்தான் சி. வை. தாமோதரம்பிள்ளை. பழைய ஏடுகளைத் தேடித் தேடி அச்சேற்றிய மனிதர். மதம் மாற்றும் எண்ணம் அங்கேயும் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் தமிழையும் படிப்பித்தார்கள். பிடிக்காவிட்டால் தகப்பன் போய்ப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்துவிடலாம்.

இங்கே அந்தக் கதவு இல்லை. பூர்வகுடிகளுக்கென்று இருக்கும் 'இந்தியர் சட்டத்தை' 1920இல் திருத்தினார்கள். 7 முதல் 15 வயதுப் பிள்ளைகளை அரசு சொன்ன பாடசாலைக்கு அனுப்பாத பெற்றோரைத் தண்டிக்கலாம் என்று ஆக்கினார்கள். (இந்தியர் என்றால் நாங்கள் இல்லை. கொலம்பஸ் விட்ட பிழை இன்றுவரை சட்டப் புத்தகத்தில் இருக்கிறது.) அரசின் காசில் பெரும்பாலும் திருச்சபைகள் நடத்திய இந்த விடுதிகளில் ஏறத்தாழ 1,50,000 பிள்ளைகள் இருந்தார்கள். கடைசி விடுதிகள் பூட்டியது 1990களில்தான். நாங்கள் இங்கே வந்து இறங்கிக்கொண்டிருந்த காலம்!

சேட்டின் கதை சின்னது. 1973இல் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஃபிலிஸ் வெப்ஸ்டாட் என்ற ஆறு வயதுப் பிள்ளைக்குப் பாட்டியார் புதுச் செம்மஞ்சள் சேட்டு வாங்கிக் கொடுத்தா. விடுதியில் முதல் நாளே அதைக் கழற்றி எடுத்துக்கொண்டார்கள், திருப்பிக் கொடுக்கவேயில்லை. வருசப் பிறப்புச் சட்டையை ஒரு பிள்ளையிடமிருந்து பறித்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அவர் வளர்ந்த பிறகு சொன்ன இந்தக் கதையிலிருந்துதான் 2013இல் இந்த நாள் தொடங்கியது. 2021இல் மத்திய அரசின் விடுமுறையாகவும் ஆனது. எங்கள் ஒன்ராறியோ மாகாணத்தில் பாடசாலை நடக்கும், வங்கியும் தபால் கந்தோரும் பூட்டு.

ரொறன்ரோவிலிருந்து ஏறக்குறைய நூறு கிலோமீற்றரில் பிரான்ட்ஃபோர்ட் இருக்கிறது. அங்கே 'மொஹோக் இன்ஸ்டிடியூட்' என்ற விடுதிப் பாடசாலையின் கட்டடம் இன்னும் நிற்கிறது. 1831 முதல் பிள்ளைகள் தங்கி, 1970இல் பூட்டிய இடம். அங்கிருந்தவர்கள் வைத்த பெயர் 'மஷ் ஹோல்', கூழ்க்கிடங்கு என்று சொல்லலாம். நாள் தவறாமல் ஓட்ஸ் கூழ். நான் போனபோது முன்பக்கத் தூண்களைப் பார்த்து, என்ன வடிவான கட்டடம் என்றுதான் நினைத்தேன். பின்பக்கம் கூட்டிப்போனார்கள். செங்கல்லில் பிள்ளைகள் கீறிய பெயர்கள். கையெட்டும் உயரத்தில், அதுவும் சின்னக் கையெட்டும் உயரத்தில். குனிந்துதான் வாசிக்க வேண்டியிருந்தது. உள்ளே அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆளில்லை, இலக்கம்தான் என்றார்கள். தாய்மொழியில் கதைத்தால் அடி.

இதெல்லாம் யாரோ ஒரு கொடுமைக்கார வாத்தியார் செய்த வேலை இல்லை. எனக்கு உறைத்தது இந்த இடம்தான். பூர்வகுடிகளைப் பார்த்த திணைக்களத்தின் தலைமை அதிகாரி டங்கன் கம்பெல் ஸ்கொட், நாடறிந்த கவிஞர். தனி இனம் என்று சொல்ல ஓர் இந்தியர்கூட மிஞ்சாமல் எல்லோரும் நாட்டுக்குள் கரையும்வரை விடப்போவதில்லை என்று 1920இல் பாராளுமன்றக் குழுவிடம் வெளிப்படையாகச் சொன்னார். அதற்கு முன்பே, 1907இல், அரசின் வைத்திய அதிகாரி பீற்றர் பிரைஸ் மேற்குப் பக்கத்து விடுதிகளைப் பார்த்து, 15 விடுதிகளிலிருந்து கிடைத்த கணக்கை எழுதியிருந்தார். சேர்ந்த 1,537 பிள்ளைகளில் ஏறக்குறைய நாலில் ஒருவர் உயிரோடு இல்லை. பெரும்பாலும் கசம், அதாவது காசநோய். காற்றோட்டம் வேண்டும், தாதி வேண்டும் என்றார். செலவு கூட என்று தட்டிக்கழித்தார்கள். வேலையை விட்டுப் போனபிறகு 1922இல் தானே அதைச் சிறு பிரசுரமாக அச்சடித்தார். இரண்டு பேரையும் புதைத்தது ஒட்டாவாவின் ஒரே மயானத்தில்.

அப்புறம், கடைக்கார அண்ணன் உங்களுக்குச் சொன்னாரே, "அவையளுக்கு வரியில்லை, எல்லாம் சும்மா" என்று. அந்த வரிச்சலுகை பெரும்பாலும் பூர்வகுடிகளுக்கென்று விட்ட ஒதுக்குநிலத்துக்குள் உழைக்கும் காசுக்கும் அங்கே உள்ள சொத்துக்கும்தான், அதுவும் இந்தியர் சட்டத்தின் கீழ்ப் பதிவு உள்ளவர்களுக்கு மட்டும். ரொறன்ரோவில் வேலை செய்பவர் எங்களைப் போலத்தான் வரி கட்டுகிறார். மற்றப் பக்கத்தையும் கடைக்கார அண்ணனிடம் சொல்லுங்கள். நிலத்துக்காக வழக்குப் போடக் காசு சேர்ப்பது 1927 முதல் 1951 வரை குற்றம். பதிவை விட்டுக்கொடுக்காமல் மத்திய தேர்தலில் எல்லோரும் வாக்குப் போட முடிந்தது 1960இல்தான். வெளியாளைக் கட்டிய பெண் 1985 வரை பதிவை இழந்தாள், வெள்ளைக்காரியைக் கட்டிய ஆணுக்கு ஒன்றும் ஆகவில்லை, அவளுக்கே பதிவு கிடைத்தது.

"நாங்களே ஓடி வந்த சனம், எங்களுக்கு இதில் என்ன?" என்றும் கேட்டிருந்தீர்கள். பழியில் பங்கு இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஆனால் நான் எடுத்த குடியுரிமை உறுதிமொழியில் பூர்வகுடிச் சனத்தைப் பற்றி ஒன்றும் இல்லை. இந்த விடுதிகளைப் பற்றி விசாரித்த உண்மை நல்லிணக்க ஆணைக்குழு 2015இல் சொன்ன 94 பரிந்துரைகளில் கடைசி இரண்டும் புதிதாக வருபவர்களைப் பற்றியவை. அதன்படி 2021இல் உறுதிமொழியை மாற்றிவிட்டார்கள். முதற்குடிகள், இனுயிற், மெய்ற்றி என்ற மூன்று பூர்வகுடி மக்களின் ஒப்பந்த உரிமைகளையும் ஏற்கும் அரசியலமைப்பு உட்பட, நாட்டின் சட்டங்களைக் கடைப்பிடிப்பேன் என்று நீங்கள் கையை உயர்த்திச் சொல்லவேண்டி வரும். சொல்லமுன் என்னவென்று தெரிந்திருப்பது நல்லதுதானே.

சேட்டுக்குக் காசு செலவழிக்க வேண்டாம். பேரனுக்கு அளவில்லாமல் போனது ஒன்று அலுமாரியில் கிடக்கிறது, எட்டு வயதுக்கு ஏற்றது. ஞாயிறு பின்னேரம் வந்து எடுங்கள்.