ஏற்காட்டில் நீலம், சேலத்தில் இளஞ்சிவப்பு

கேள்வி: ஏற்காட்டில் நீலப் பூக்களுடன் வாங்கி வந்த ஹைட்ராஞ்சியா செடி, அஸ்தம்பட்டியில் உள்ள எங்கள் வீட்டில் மறு ஆண்டே இளஞ்சிவப்பாகப் பூத்தது. இந்த ஆண்டு தை மாதம் கிளைகளை நன்றாக வெட்டிக் கவாத்து செய்தேன், பூக்கவே இல்லை. ஏன்?
– வாசகி, சேலம்

பதில்: நிறம் மாறியது நோயன்று. அமில மண்ணில் கரையும் அலுமினியத்தை வேர்கள் உறிஞ்சினால் பூ நீலமாகிறது. காரத்தன்மையுள்ள மண்ணிலும் ஆழ்துளைக் கிணற்று நீரிலும் அலுமினியம் வேருக்குக் கிடைக்காததால் அதே செடி இளஞ்சிவப்பாகப் பூக்கிறது. நீலம் வேண்டுமெனில் இலைமட்கும் தென்னைநார்க் கழிவும் கலந்த தொட்டிக்கு மாற்றி, இயன்றவரை மழைநீரை ஊற்றுங்கள். மொட்டு அரும்பும் முன்பிருந்தே 15 நாள்களுக்கு ஒருமுறை, லிட்டருக்கு 3 கிராம் படிகாரம் கரைத்து, ஈரமாக உள்ள மண்ணில் விடலாம். எலும்புத்தூள் வேண்டாம், அதிலுள்ள மணிச்சத்து (பாஸ்பரஸ்) அலுமினியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

பூக்காததற்குக் காரணம் தை மாதக் கவாத்துதான். சென்ற ஆண்டுக் கிளையின் நுனியில், எதிரெதிர் இலைத் தழும்புகளுக்கு மேலே பருத்து நிற்கும் மொட்டுக்குள்தான் கோடைப் பூங்கொத்து அடங்கியிருக்கிறது; அதைத்தான் வெட்டிவிட்டீர்கள். இனி, பூ வாடியவுடனே, அதற்குக் கீழுள்ள முதல் தடித்த மொட்டு இணைக்குச் சற்று மேலே வெட்டுங்கள்.

ஏற்காட்டின் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்துக் குளிருக்குப் பழகிய செடி இது. காலை வெயில் மட்டும் படும் கிழக்குப் பக்கத்தில் வையுங்கள். நண்பகலில் இலை தொங்கி மாலையில் நிமிர்ந்தால் அது வெப்பத்தால் வந்த சோர்வே. மண்ணைத் தொட்டுப் பார்க்காமல் மேலும் நீர் ஊற்றினால் வேர் அழுகும்.