புதுச் சாப்பாட்டுக்குத் தயங்குகிறவர் ஜப்பானில் சமாளிக்க முடியுமா?

பழக்கமில்லாத எதையும் வாயில் வைக்கத் தயங்குவேன், ஜப்பானில் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். தொக்கு, புளிக்காய்ச்சல், சப்பாத்தி என்று இந்நேரம் பட்டியலே போட்டிருப்பீர்கள். எடுத்துப் போங்கள், அதில் வெட்கம் ஒன்றுமில்லை. பாதி அப்படியே திரும்பி வரும், அவ்வளவுதான்.

நான் தூத்துக்குடிக்காரன். மீன் சாப்பிடுவேன், ஆனால் வெந்திருக்க வேண்டும். பச்சை மீனைத் தொட்டதில்லை, இனியும் தொடமாட்டேன். சுஷி சாப்பிடாமல் ஜப்பான் எதற்குப் போனாய் என்று கமென்டில் கிளம்பி வருகிறவர்களுக்கு: வயிறு என்னுடையது, காசும் என்னுடையது.

ஒசாகாவில் ஒரு சாயங்காலம் டூர் கும்பலிலிருந்து கழன்று, நானும் மச்சானும் டோட்டன்போரி பக்கம் ஒகொனொமியாகி கடை ஒன்றில் உட்கார்ந்தோம். மேசை நடுவிலேயே சூடான இரும்புக் கல். மாவையும் முட்டையையும் கொஞ்சம்போலக் கலந்து, நறுக்கிய முட்டைகோஸை அள்ளிப் போட்டுத் தடிமனாக ஊற்றுகிறார்கள். வழக்கமாகப் பன்றி இறைச்சி வைப்பார்கள். நாங்கள் மெனு படத்தில் இறாலைக் காட்டினோம். வெந்ததும் கறுப்பாக ஒரு சாஸ், மயோனைஸ், அதற்கு மேல் ஒரு கை நிறைய மெல்லிய சீவல். அந்தச் சீவல் சூட்டில் நெளிய ஆரம்பித்தது. தட்டை மச்சான் பக்கம் தள்ளப் போனேன். அப்போதுதான் வாசனை அடித்தது. "மச்சான், இது மாசியில்லா!"

எங்கள் ஆச்சி மாசிக் கருவாட்டை அம்மியில் தட்டி, தேங்காயும் வற்றலும் வைத்துச் சம்பல் அரைப்பாள். அதே சூரை மீன்தான். அவர்களும் அவித்து, புகை போட்டு, மரக்கட்டை மாதிரி இறுகும்வரை காயவைக்கிறார்கள். கட்சுவோபுஷி என்று பெயர். நாம் இடிக்கிறோம், அவர்கள் இழைப்புளியில் சீவுகிறார்கள். பூஞ்சை ஏற்றிப் பக்குவப்படுத்தும் உயர்ந்த வகை உண்டே, மாசியும் அதுவும் எப்படி ஒன்றாகும் என்று திருத்த வராதீர்கள், தெரியும். என் மூக்குக்கு அது மாசி. தட்டை வழித்துச் சாப்பிட்டேன்.

நீங்கள் சைவமா என்று சொல்லவில்லை. சைவம் என்றால் எனக்குக் கைகொடுத்த அதே மாசிதான் உங்களுக்கு வில்லங்கம். கொம்பு என்ற கடற்பாசியோடு அதைப் போட்டு இறக்கும் தாஷி என்ற சாறு, உதோன், சோபா என்ற நூடுல்ஸ் வகைகள், சோயாவைப் புளிக்கவைத்த விழுதில் செய்யும் மிசோ சூப் என்று பெரும்பாலானவற்றில் இருக்கும். காய்கறியை மாவில் முக்கிப் பொரித்த டெம்புராவுக்குத் தொட்டுக்கொள்ளத் தருவதிலும் அதுதான். இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் போதாது. மீன், தாஷி இரண்டையும் பெயர் சொல்லி விலக்குங்கள். நிம்மதியாகச் சாப்பிட வேண்டுமென்றால் வகாயாமாவில் கோயாசான் மலைக்குப் போய்ப் புத்தக் கோயிலிலேயே ஒரு ராத்திரி தங்குங்கள். அங்கே ஷோஜின் ரியோரி என்ற துறவிகளின் சமையல்: மீன் கிடையாது, பூண்டு வெங்காயமும் கிடையாது. எள்ளை அரைத்து, குட்ஸு கிழங்கு மாவோடு கிண்டி உறையவைத்த எள்ளு தோஃபு கிடைத்தால் விடாதீர்கள்.

இதெல்லாம் எங்கள் டூர் நடத்தியவர்கள் காட்டவே இல்லை. தினமும் ராத்திரி இந்திய ஓட்டல், அதே பனீர், அதே ஜீரா ரைஸ். நாராவில் மான்களுக்குப் பிஸ்கட் கொடுத்து முடிப்பதற்குள் விசில் ஊதிவிட்டார்கள், ஷாப்பிங் மாலில் மட்டும் நேரம் போவதே தெரியவில்லை அவர்களுக்கு. நாங்கள் சாப்பிடாத வேளைகளுக்குப் பணம் கேட்டால், "பேக்கேஜ் சார்" என்றார்கள்.

அவசரத்துக்கு எந்த கன்வீனியன்ஸ் ஸ்டோரிலும் உமெபோஷி வைத்த ஒனிகிரி கிடைக்கும். சோற்று உருண்டைக்குள் உப்பும் புளிப்புமாக ஊறுகாய்; நம் நாக்குக்குச் சரியாக இருக்கும். நாட்டோ என்ற புளிக்கவைத்த சோயா பற்றி என்னிடம் கேட்காதீர்கள். மச்சான் சாப்பிட்டான், நான் அடுத்த மேசைக்குப் போய்விட்டேன்.