மூர்த்தி சிறிது, கீர்த்தி பெரிது: ரட்லண்ட் கவுண்டி

கேள்வி: கவுண்டி என்றால் எனக்குக் கிரிக்கெட்தான் நினைவுக்கு வரும். லெஸ்டர் நகரில் வேலை பார்க்கும் என் மருமகன், பக்கத்திலுள்ள ரட்லண்ட் கவுண்டியைப் பற்றி எப்போதும் சிலாகித்துப் பேசுகிறார். அப்படியோர் அணியை நான் கேள்விப்பட்டதே இல்லையே?
– ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், கோவை

பதில்: முதல்தர கவுண்டிப் போட்டிகளில் ஆடும் அணி அதற்குக் கிடையாது, ஆனால் நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவாகிய கவுண்டி இருக்கிறது. இங்கிலாந்தின் நடுப்பகுதியில், லெஸ்டர்ஷயர், லிங்கன்ஷயர், நார்தாம்டன்ஷயர் ஆகிய மூன்றுக்கும் இடையே 382 சதுர கிலோமீட்டரில் அடங்கிவிடும் நிலப்பரப்பு அது. 2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கே வசிப்பவர்கள் ஏறத்தாழ 41,000 பேர். ஓக்கம், அப்பிங்கம் என்னும் இரண்டு சந்தை ஊர்களைத் தவிர மற்றவையெல்லாம் சுண்ணாம்புக்கல் வீடுகளும் தேவாலயக் கோபுரமுமாக நிற்கும் கிராமங்கள். உங்கள் கிரிக்கெட் ஆர்வத்துக்காக ஒரு தகவல்: வேகப்பந்து வீச்சாளர் ஸ்டூவர்ட் பிராட் படித்தது ஓக்கம் பள்ளியில்தான்.

கேள்வி: இவ்வளவு சிறிய பகுதி தனி நிர்வாகமாக எப்படித் தாக்குப்பிடிக்கிறது? பெரிய மாவட்டத்தோடு இணைத்துவிட யாரும் முயலவில்லையா?
– கல்லூரி மாணவி, திருநெல்வேலி

பதில்: முயன்றார்கள், ஒருமுறை இணைத்தும் விட்டார்கள். 1960களின் தொடக்கத்தில் உள்ளாட்சி எல்லைகளைச் சீரமைக்க அமைக்கப்பட்ட ஆணையம், ரட்லண்டை லெஸ்டர்ஷயரோடு சேர்க்கலாம் என்று பரிந்துரைத்தபோது, மக்கள் காட்டிய எதிர்ப்பைக் கண்டு அரசு 1963இல் அந்த யோசனையைக் கைவிட்டது. ஆனால், நாடு முழுவதற்குமாக வந்த மறுசீரமைப்புச் சட்டத்தின் முன் அந்த எதிர்ப்பு எடுபடவில்லை. 1974 ஏப்ரல் 1 அன்று ரட்லண்ட் கவுண்டி என்ற தகுதியை இழந்து, லெஸ்டர்ஷயருக்கு உட்பட்ட ஒரு வட்டாரமாகச் சுருங்கியது.

அதன் பிறகு நடந்ததுதான் கவனிக்கத்தக்கது. ஓர் அரசாணை வந்துவிட்டது என்பதற்காக அந்த மக்கள் தங்களை லெஸ்டர்ஷயர்காரர்கள் என்று சொல்லிக்கொள்ளத் தொடங்கவில்லை. கவுண்டியின் பெயரை விடாமல் பேச்சிலும் எழுத்திலும் புழங்கியபடியே, இழந்ததைத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இருபத்துமூன்று ஆண்டுகள் கழித்து, 1997 ஏப்ரல் 1 அன்று, தன் நிர்வாகத்தைத் தானே நடத்திக்கொள்ளும் தகுதியோடு ரட்லண்ட் மீண்டும் தனித்து நின்றது. அஞ்சல் துறை தன் முகவரிப் பட்டியலில் அந்தப் பெயரை ஏற்றுக்கொள்ள மேலும் பத்து ஆண்டுகள் ஆயின என்பது வேறு கதை. சிறிய நிர்வாகத்துக்குச் செலவு கூடுதல் என்ற வாதத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தச் செலவை ஏற்கத் தயாராக இருந்தவர்கள் அங்கேயே வரி கட்டும் மக்கள் என்பதை அந்த வாதம் வசதியாக மறந்துவிடுகிறது.

கேள்வி: ஓக்கம் கோட்டையில் விருந்தினர்களிடம் குதிரை லாடம் வாங்குவார்கள் என்கிறார்களே, அது என்ன வழக்கம்?
– பள்ளி ஆசிரியர், கோபிச்செட்டிப்பாளையம்

பதில்: எல்லா விருந்தினரிடமும் அல்ல, அரச குடும்பத்தினரும் பிரபுப் பட்டம் பெற்றவர்களும் முதல் முறையாக அந்த ஊருக்குள் வரும்போது ஒரு லாடம் தர வேண்டும். கோட்டை என்று பெயர் இருந்தாலும், இப்போது முழுமையாக எஞ்சி நிற்பது 1180களில் வால்க்கலின் டி ஃபெரர்ஸ் என்பவர் கட்டிய பெரிய மண்டபம் மட்டுமே. அதன் சுவர்களில் 230க்கும் மேற்பட்ட லாடங்கள் தொங்குகின்றன. குதிரையின் குளம்பில் அடிக்கிற லாடமாக இவற்றை நினைத்துக்கொண்டு போகிறவர்கள் திகைத்துப்போவார்கள். பெரும்பாலானவை எந்தக் குதிரைக்கும் பொருந்தாத அளவில், மேலே கிரீடமும் நடுவே கொடுத்தவர் பெயருமாக, வண்ணம் பூசிப் பெரிதாகச் செய்யப்பட்டவை. இருப்பவற்றுள் மிகப் பழையது, 1470ஆம் ஆண்டு வாக்கில் மன்னர் நான்காம் எட்வர்ட் கொடுத்ததாகக் கருதப்படுகிறது. ராணி இரண்டாம் எலிசபெத் 1967இல் கொடுத்த லாடமும் அங்கே இருக்கிறது.

லாடத்தின் திறந்த வாய் மேல்நோக்கி இருந்தால்தான் அதிர்ஷ்டம் தங்கும் என்பது பரவலான ஆங்கில நம்பிக்கை. ரட்லண்டில் அதற்கு நேர்மாறாக, வாய் கீழே பார்க்கும்படி மாட்டுகிறார்கள். மேல்நோக்கி வைத்தால் அந்தக் குழிவில் சாத்தான் வந்து உட்கார்ந்துகொள்வான் என்பது அவர்கள் தரும் விளக்கம். கவுண்டியின் கொடியிலும் லாடம் அதே கவிழ்ந்த நிலையில்தான் இருக்கிறது. பிரபுக்களிடம் காணிக்கை வாங்கி அதைச் சுவரில் மாட்டி, ஊரார் அனைவரும் பார்க்கும்படி வைக்கிற இந்த ஏற்பாட்டில் சற்றே குறும்பு இருப்பதாக எனக்குப் படுகிறது.

கேள்வி: ரட்லண்ட் நீர்த்தேக்கத்துக்காகக் கிராமங்கள் மூழ்கடிக்கப்பட்டன என்று படித்தேன். மக்கள் அதை எப்படி எடுத்துக்கொண்டார்கள்?
– பொதுப்பணித் துறைப் பொறியாளர், தஞ்சாவூர்

பதில்: எளிதில் எடுத்துக்கொள்ளவில்லை. பீட்டர்பரோ, நார்தாம்டன் போன்று வளர்ந்துவந்த நகரங்களின் குடிநீருக்காக, எம்பிங்கம் கிராமத்துக்கு அருகே க்வாஷ் ஆற்றின் குறுக்கே அணை எழுப்பப்பட்டு, 1970களின் நடுவில் பள்ளத்தாக்கில் நீர் நிரம்பத் தொடங்கியது. நெதர் ஹாம்பிள்டன் முழுவதும், மிடில் ஹாம்பிள்டனின் பெரும்பகுதியும் போயின. மேட்டில் இருந்த அப்பர் ஹாம்பிள்டன் மட்டும், மூன்று பக்கமும் நீர் சூழ்ந்த தீபகற்பத்தின் மேல் தப்பித்தது. கவுண்டியின் பரப்பில் நூற்றுக்கு ஏறத்தாழ மூன்று பங்கு நீருக்கடியில் போனது என்றால், இழப்பின் அளவு புரியும். எம்பிங்கம் பெயரால் தொடங்கிய திட்டத்துக்கு ரட்லண்ட் பெயரே நிலைத்தது. கவுண்டியின் தகுதி பறிபோயிருந்த காலத்தில் அது சிறிய ஆறுதல் அன்று.

மூழ்கியிருக்க வேண்டிய நார்மன்டன் தேவாலயத்தை ஊர்மக்கள் போராடிக் காப்பாற்றினார்கள். அதன் கீழ்ப்பாதியைக் கல்லும் கான்கிரீட்டும் கொண்டு நிரப்பி, தளத்தை நீர்மட்டத்துக்கு மேல் உயர்த்தி, கரையிலிருந்து நடந்து செல்லப் பாதை அமைத்தார்கள். அதனால் இன்று பார்க்கும்போது, கட்டடம் இடுப்பளவு நீரில் நிற்பதுபோல் குட்டையாகத் தெரியும். இப்போது அங்கே திருமணங்கள் நடக்கின்றன.

நீர்த்தேக்கம் தந்ததையும் சொல்ல வேண்டும். மீனைத் தேடி வட்டமிடும் விராலடிப்பான் பறவை இங்கிலாந்தில் இனப்பெருக்கம் செய்வது நின்றுபோய் ஒன்றரை நூற்றாண்டு ஆகியிருந்த நிலையில், 1996 முதல் ஸ்காட்லாந்திலிருந்து குஞ்சுகளைக் கொண்டுவந்து இங்கே வளர்த்துப் பறக்கவிட்டார்கள். 2001இல் முதல் குஞ்சு பொரிந்தது. கூடுகளைக் காவல் காப்பதும், பார்க்க வருபவர்களுக்கு விளக்குவதும் தன்னார்வலர்களின் பணி. 2021இல் அங்குள்ள ஒரு குட்டையின் நீரை வடித்தபோது, சுமார் 18 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட, பத்து மீட்டர் நீளமுள்ள இக்தியோசார் என்னும் கடல் ஊர்வனவின் எலும்புக்கூடு சேற்றுக்குள் கிடைத்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான், கெட்டன் கிராமத்துக்கு அருகே ஒரு வயலில், டிராய் போரின் காட்சிகளைக் கொண்ட ரோமானியர் காலத்து மொசைக் தளம் வெளிப்பட்டிருந்தது. அதைக் கண்டவர் தொல்லியலாளர் அல்லர், அந்த நிலத்துக்காரரின் மகன்.

கேள்வி: மெக்டொனால்ட்ஸ் கடையே இல்லாத கவுண்டி என்று ஒரு துணுக்குச் செய்தியில் பார்த்தேன். உண்மையா?
– வாசகர், மதுரை

பதில்: 2020 நவம்பர் வரை உண்மை, இங்கிலாந்தில் அந்தக் கடை கடைசியாக நுழைந்த கவுண்டி ரட்லண்ட்தான். குப்பை சேரும், ஊரின் தன்மை கெடும் என்று சிலர் எதிர்த்தார்கள். இளைஞர்களுக்கு வேலை கிடைக்கும் என்று வேறு சிலர் வரவேற்றார்கள். ஓக்கத்தில் கடை திறந்தாயிற்று. புதன், சனிக்கிழமைகளில் கூடும் ஊர்ச் சந்தையும், குற்றவாளிகளின் கால்களை மாட்டிவைக்க ஐந்து துளைகள் கொண்ட பழைய தொழுமரத்தைத் தன் கூரைக்கடியில் வைத்திருக்கும் வெண்ணெய் மண்டபமும் அதனால் எங்கும் போய்விடவில்லை. அப்பிங்கத்தில் கிறிஸ்துமஸுக்கு முன்னர் ஊர்ச் சதுக்கத்திலேயே பட்டி அடைத்து ஆடு, மாடு, பன்றிகளை நிறுத்திப் பரிசளிக்கும் கால்நடைக் காட்சியும் அப்படியே. குளிர் தாங்குமென்றால் அதற்குப் போய்ப் பார்க்கலாம்.