உதட்டுப்பிளவு, அண்ணப்பிளவு: அறுவைக்கு முந்தைய வாரங்கள் பற்றி உங்கள் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் குழந்தைகளின் பல், தாடை மருத்துவம் பார்க்கிறேன். உதட்டிலோ அண்ணத்திலோ (வாயின் மேல்தளம்) பிளவோடு பிறந்த குழந்தைகளை அறுவைக்குத் தயார்செய்வதுதான் என் வேலையில் பெரும்பகுதி. நம் குழுவினர் கேட்டவற்றுக்குப் பதில் எழுதுகிறேன்.

சாட்ஸ்வர்த், ஒரு தாய்: டாக்டரம்மா, பையன் பிறந்து ஒன்பது நாள். இடப்பக்கம் உதடு, ஈறு, அண்ணம் மூன்றும் பிளந்திருக்கிறது. அறுவை மூன்று மாதத்துக்கு அப்புறம்தானாம். அதுவரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டால் போதுமா?

போதாதம்மா. இந்த வாரமே வாருங்கள். தாயிடமிருந்து வந்த ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் பிறந்த குழந்தையின் உடம்பில் இன்னும் இருக்கும். அதனால் மூக்கின் குருத்தெலும்பு வளைந்துகொடுக்கும். முதல் ஆறு வாரம் தாண்டினால் அந்த நெகிழ்ச்சி வெகுவாகக் குறைந்துவிடும்.

குழந்தை விழித்திருக்கும்போதே வாய்க்குள் அச்செடுப்போம், மயக்கமருந்து கிடையாது. அப்போது அது அழுவது நல்லது, மூச்சு தடையில்லாமல் போகிறது என்று தெரியும். அச்சை வைத்து, பிளந்த ஈறுகளை மெல்ல நெருக்கிக் கொண்டுவரும் அக்ரிலிக் (கெட்டி பிளாஸ்டிக்) தட்டு ஒன்றை வாய்க்குச் செய்து, கன்னத்தில் ஒட்டும் டேப்பாலும் ரப்பர் வளையத்தாலும் பிடிக்க வைப்போம். வாராவாரம் தட்டை ஓரிடத்தில் சுரண்டி இன்னோரிடத்தில் மெத்தென்ற பொருள் சேர்ப்பேன். ஒரு தடவைக்கு ஒரு மில்லிமீட்டருக்கு மேல் மாற்றுவதில்லை. ஈறுகளின் இடைவெளி 5 மில்லிமீட்டர் அளவுக்கு வந்ததும், தட்டிலிருந்து ஒரு கம்பி மூக்குத் துவாரத்துக்குள் போய், சரிந்த பக்கத்தைத் தூக்கிப் பிடிக்கும். நியூயார்க்கில் கிரேசன், கட்டிங் என்ற இருவரும் 1990-களில் உருவாக்கிய முறை இது. அறுவைக்கு இது மாற்றல்ல. உதட்டின் இரு பக்கமும் நெருங்கி வந்திருந்தால் தையல் அதிகம் இழுபடாது.

ஒன்று மட்டும் கண்டிப்பாகக் கேளுங்கள்: தட்டு உறுத்துகிறது என்று வீட்டில் அரம் போட்டுத் தேய்க்காதீர்கள். புண் தெரிந்தால் போன் செய்யுங்கள், அன்றைக்கே பார்க்கிறேன்.

டோங்காட், ஒரு தந்தை: தட்டு போட்டால் தாய்ப்பால் குடிக்குமா?

அண்ணம் பிளந்திருந்தால் உறிஞ்சும் விசை வராது. தட்டு அதைத் தந்துவிடாது. நெதர்லாந்தில் தட்டு போட்ட குழந்தைகளையும் போடாதவர்களையும் ஒப்பிட்டு முறையாக ஆராய்ந்தார்கள். பால் குடிப்பதில் வித்தியாசமில்லை. தாய்ப்பாலைப் பீய்ச்சி, அழுத்தினால் பால் வரும் மென்மையான புட்டியில், தலையை நிமிர்த்திப் பிடித்துக் கொடுங்கள். உதடு மட்டும் பிளந்த குழந்தை பெரும்பாலும் மார்பிலேயே குடிக்கும்.

ஸ்டேங்கர், ஒரு பாட்டி: கிரகணத்தன்று மருமகள் அரிவாள்மனையில் காய் நறுக்கினாள். சொல்லச் சொல்லக் கேட்கவில்லை.

பாட்டி, கிரகணத்துக்கும் பிளவுக்கும் தொடர்பில்லை, மருமகளை விட்டுவிடுங்கள். உதடு சேர்வது கருவின் நாலாவது வாரத்துக்கும் ஏழாவது வாரத்துக்கும் நடுவில். அண்ணம் பன்னிரண்டாவது வாரத்துக்குள் மூடிவிடும். பல பெண்களுக்குக் கரு தங்கியதே உதடு சேரும் அந்த வாரங்களில்தான் தெரியவரும்.

அவர் மகன்: பெரியவர்கள் சொன்னதெல்லாம் பொய்யா, டாக்டர்? உங்களுக்கு நம்பிக்கை இல்லையென்றால் விடுங்கள், அம்மாவைக் குறை சொல்ல வேண்டாம்.

தம்பி, உங்கள் அம்மாவை நான் குறை சொல்லவில்லை. பச்சை உடம்புக்காரி ஒருத்தி பழி சுமப்பதைத்தான் தடுக்கிறேன். உலகில் ஏறக்குறைய 700 குழந்தைகளில் ஒன்று பிளவோடு பிறக்கிறது, கிரகணம் தெரியாத ஊரிலும் கூட. 2030 நவம்பர் 25 அன்று நம் டர்பனிலேயே முழு சூரிய கிரகணம். அன்று கருவுற்றிருக்கும் எவளையும் இருட்டறையில் பட்டினி போடாதீர்கள் என்று இப்போதே கேட்டுக்கொள்கிறேன். பிளவுக்குக் காரணம் பல மரபணுக்கள் சேர்ந்தது. அதோடு புகை, மது, கட்டுப்படாத சர்க்கரை, சில வலிப்பு மாத்திரைகள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், அடுத்த கர்ப்பத்துக்கு முன்பே டாக்டரிடம் பேசுங்கள்.

அதே பேச்சில் இன்னொருவர்: ஆனால் எங்கள் வீட்டில் நேரிலேயே பார்த்தோமே…

கிரகணப் பேச்சு இத்தோடு போதும். குழந்தையைப் பற்றிக் கேளுங்கள்.

பீனிக்ஸ், ஒரு தாய்: தட்டு போட்டால் பால் குடிக்குமா?

டோங்காட் தந்தைக்குச் சொன்னதுதான். தயவுசெய்து மேலே படித்துவிட்டுக் கேளுங்கள்.

மவுண்ட் எட்ஜ்கோம்ப், ஒருவர்: வியர்வையில் டேப் பெயர்ந்துவிடுகிறது. தட்டு தொண்டைக்குள் போய்விடாதா?

ஜனவரிப் புழுக்கத்தில் எல்லோருக்கும் இதே பாடுதான். கன்னத்தில் முதலில் தோல் காக்கும் ஒட்டுப்பட்டை ஒன்றை ஒட்டி, அதன் மேல் டேப்பை ஒட்டுங்கள். கழற்றும்போது நனைத்து மெதுவாக எடுங்கள். தட்டு பின்னால் நழுவினாலும் மூச்சு போக நடுவில் ஓட்டை வைத்திருக்கிறோம். ஆனாலும் டேப் தளர்ந்தால் தட்டைக் கையோடு கழற்றிவிடுங்கள். வீட்டில் தேய்க்காதீர்கள் என்பது உங்களுக்கும்தான்.

இன்னொருவர்: எனக்கு 26 வயது. உதட்டில் பழைய தழும்பு.

பிளாஸ்டிக் சர்ஜனைப் பாருங்கள்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க், ஒரு தாய்: வாராவாரம் வர முடியாது. காசுமில்லை.

மெடிக்கல் எய்ட் (தனியார் மருத்துவக் காப்பீடு) இல்லாத வீட்டில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு 1994 முதல் அரசு மருத்துவமனையில் கட்டணமில்லை. கிளினிக்கில் இன்றே பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். வாராவாரம் வரவே முடியாதென்றால் உதட்டுக்கு டேப் மட்டும் போடும் வழியுண்டு. ஒருமுறை வந்தால் கற்றுத்தருகிறேன். மூக்கு அவ்வளவு சீராகாது, ஆனால் உதடு நெருங்கும்.

சாட்ஸ்வர்த் தாய் மறுபடி: வியாழன் வருகிறோம். அச்செடுக்கும் முன் பால் கொடுக்கலாமா?

இரண்டு மணி நேரம் முன்பே நிறுத்திவிடுங்கள், வாந்தி வராது. புட்டியில் பால் கையோடு இருக்கட்டும், முடிந்தவுடன் கொடுக்கலாம்.