போடியில் வீடு, உடும்பன்சோலையில் தோட்டம்: கார்பைன் வாங்க முடியுமா?

கேள்வி: வீடு போடிநாயக்கனூரில். ஏலத்தோட்டம் போடிமெட்டுக்கு அப்பால், கேரளத்து உடும்பன்சோலை தாலுகாவில். காட்டுப்பன்றித் தொல்லை தாங்கவில்லை. காய் எடுக்கும் பருவத்தில் திருட்டுப் பயமும் உண்டு. டெக்சாஸில் இருக்கும் என் அக்காள் மகன் 9 மி.மீ. கார்பைன் ஒன்று வைத்திருக்கிறான். கைத்துப்பாக்கித் தோட்டாதான் போடுவது, ஆனால் தோளில் வைத்துச் சுடலாம், உதைக்காது என்கிறான். இங்கே அப்படி ஒன்று வாங்க முடியுமா? எதைத் தேர்ந்தெடுக்கலாம்?

பதில்: 9 மி.மீ. கார்பைன் உங்களுக்குக் கிடைக்காது. சட்டத்தின் கதவு மூடியிருக்கிறது. திறந்திருந்தாலும் உங்கள் தோட்டத்துக்கு அது பொருத்தமான ஆயுதம் இல்லை. இரண்டையும் விளக்குகிறேன்.

உங்கள் மருமகன் சொன்னதில் தவறில்லை. கைத்துப்பாக்கியைக் கைகள் மட்டுமே தாங்குகின்றன. கார்பைனைத் தோளும் கன்னமும் சேர்ந்து தாங்குகின்றன. முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே தூரம் அதிகம் என்பதால் சிறு பிசகும் கண்ணுக்குத் தெரிந்துவிடும். துப்பாக்கியே கனமாக இருப்பதால் உதைப்பு குறைவு. வேகமும் சற்றுக் கூடும்: 115 கிரெய்ன் எடையுள்ள 9 மி.மீ. குண்டு நான்கு அங்குலக் குழலிலிருந்து நொடிக்கு ஏறத்தாழ 350 மீட்டரில் கிளம்பினால், 16 அங்குலக் குழலில் 400 மீட்டரைத் தொடும். அதற்கு மேல் குழலை நீட்டிப் பயனில்லை, அந்தச் சிறிய தோட்டாவில் உள்ள மருந்து அதற்குள் எரிந்து தீர்ந்துவிடும். அமெரிக்காவில் 16 அங்குலம் என்ற அளவு வந்ததற்குக் காரணம் வேறு. அதைவிடக் குட்டையான குழலுள்ள ரைஃபிளுக்கு அங்கே 1934ஆம் ஆண்டுச் சட்டப்படி தனிப் பதிவு வேண்டும்.

அங்கே தேர்வு செய்பவர்கள் முதலில் பார்ப்பது மேகசின், அதாவது தோட்டாக்களை அடுக்கிச் செருகும் பெட்டி. இடுப்பில் இருக்கும் கைத்துப்பாக்கியின் மேகசினே கார்பைனிலும் பொருந்தினால் இரண்டுக்கும் ஒரே தோட்டா, ஒரே மேகசின். ரூகர் நிறுவனத்தின் பிசி கார்பைன் விரும்பப்படுவதற்கு அது க்ளாக் கைத்துப்பாக்கியின் மேகசினையும் ஏற்பது ஒரு காரணம். இரண்டாகக் கழற்றிப் பைக்குள் வைக்கலாம் என்பது இன்னொன்று. யோசனை புதிதல்ல. 1873 வின்செஸ்டர் ரைஃபிளுக்கும் கோல்ட் ரிவால்வருக்கும் ஒரே .44-40 தோட்டாவைப் பயன்படுத்தியவர்கள் அந்த நாட்டு மாடு மேய்ப்பவர்கள். உங்கள் மருமகன் சுடுதளத்தில் பொழுதுபோக்கவும் வீட்டுக் காவலுக்கும் வைத்திருக்கிறார் என்றால் அவர் தேர்வு சரி.

இனி நம் ஊருக்கு வருவோம். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் உள்ள விதிகளில் ஓர் அட்டவணை இருக்கிறது. படையினர் பயன்படுத்தும் 9 மி.மீ. தோட்டாவை ஏற்கும் கைத்துப்பாக்கி, ரிவால்வர், கார்பைன் ஆகியவற்றை அது பெயர் சொல்லியே கட்டுப்படுத்தப்பட்ட முதல் வகையில் வைக்கிறது. 9 மி.மீ. வேண்டாம், வேறு விட்டத்தில் வாங்கிக்கொள்கிறேன் என்றாலும் அடுத்த முட்டுக்கட்டை நிற்கிறது. ஒவ்வொரு முறையும் தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் நீளத் துப்பாக்கிகளும் பெரும்பாலும் அதே வகைதான். இந்த வகைக்கு உரிமம் தரும் அதிகாரம் மாவட்ட ஆட்சியரிடம் இல்லை, மத்திய உள்துறை அமைச்சகத்திடம் இருக்கிறது. பன்றித் தொல்லை என்ற காரணம் அங்கே எடுபடாது. மருமகன் ஊருக்கு வரும்போது கொண்டுவரலாமே என்று யாராவது யோசனை சொன்னால் அந்தப் பேச்சையே வளர்க்காதீர்கள். தடைசெய்யப்பட்ட ஆயுதத்தை வைத்திருந்தால் 2019 திருத்தத்துக்குப் பிறகு ஏழு முதல் பதினான்கு ஆண்டு சிறை.

காவலர் தோளில் தொங்கும் கார்பைனைப் பார்த்துப் பலரும் அதையே கேட்பதுண்டு. அந்தக் கான்பூர் தயாரிப்பு விசையை அழுத்திப் பிடித்தால் தொடர்ந்து சுடும் இயந்திரத் துப்பாக்கி. தனியாருக்கு அது கனவிலும் இல்லை.

சட்டம் இடம் கொடுத்தாலும் பன்றிக்கு நான் 9 மி.மீ. பரிந்துரைக்க மாட்டேன். கார்பைனிலிருந்து கிளம்பும் அந்தக் குண்டின் ஆற்றல் 600 ஜூல் அளவில் நிற்கிறது; .30-06 ரைஃபிளில் அது 3,500 ஜூலைத் தாண்டும். வளர்ந்த ஆண் பன்றியின் தோள்பட்டை மேல் தடித்த கவசம்போல் ஒரு தோல்பகுதி இருக்கும். பலமில்லாத குண்டு அதில் தடுமாறினால், அடிபட்ட பன்றி ஏலச்செடிக்குள் புகுந்துவிடும். மறுநாள் காலை களையெடுக்கப் போகும் பெண்கள்தான் அதன் முன்னால் போய் நிற்பார்கள்.

நீங்கள் கேட்க வேண்டியது பன்னிரண்டு போர் (குழல் அளவு) ரெட்டைக்குழல் துப்பாக்கி. ஆயுதச் சட்டத்தின் 13ஆம் பிரிவே இதற்குச் சாதகம்: 20 அங்குலத்துக்குக் குறையாத வழுவழுப்பான குழல் கொண்ட துப்பாக்கியைப் பாதுகாப்புக்கோ விளையாட்டுக்கோ கேட்கும் குடிமகனுக்கு உரிமம் தர வேண்டும் என்கிறது. மறுப்பதற்கான காரணங்கள் 14ஆம் பிரிவில் தனியாக உண்டு. காவல் துறை அறிக்கை சாதகமாக வர வேண்டும். பயிர்க் காவலுக்குக் குழல்வாய் வழியே வெடிமருந்து கெட்டிக்கும் துப்பாக்கியைத்தான் சட்டம் முதலில் சொல்கிறது. அது போதாது என்று அதிகாரி கருதினால் மேலே சொன்ன வழுவழுப்பான குழல் துப்பாக்கி தரலாம். ஆகவே விண்ணப்பத்தில் தோட்டத்தின் பரப்பு, காடு எவ்வளவு தூரம், வனத்துறையிடம் கொடுத்த பழைய புகார்கள் எல்லாவற்றையும் இணையுங்கள். மருத்துவச் சான்றும் ஆயுதப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றும் கேட்பார்கள். உரிமம் இப்போது ஐந்தாண்டுக்குத் தரப்படுகிறது. ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் கிடையாது. அப்பா காலத்துத் துப்பாக்கி உங்கள் பெயருக்கு மாறியிருந்தால் அதுவும் கணக்கில் சேரும்.

பழைய துப்பாக்கி விலைக்கு வந்தால் வாங்கலாம், ஆனால் கையில் எடுத்துப் பார்க்காமல் வேண்டாம். முதலில் மடக்கித் திறந்து இரண்டு அறைகளும் காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்துகொள்ளுங்கள். பிறகு குழலை வெளிச்சத்தை நோக்கிப் பிடித்துப் பின்புறமாக உள்ளே பாருங்கள். கண்ணாடிபோல் ஒளி வளையங்கள் ஒழுங்காக அடுத்தடுத்துத் தெரிய வேண்டும். வளையம் ஓரிடத்தில் நெளிந்தால் அங்கே வெளியிலிருந்து அடி விழுந்து குழல் உள்வாங்கியிருக்கிறது. அறையை ஒட்டிக் கருத்த புள்ளிகள் இருந்தால் துரு தின்ற பள்ளம், துடைத்தால் போகாது. அடுத்து, முன்கட்டையைக் கழற்றிவிட்டுத் துப்பாக்கியை மூடி, பிடியைப் பிடித்து மெல்ல ஆட்டுங்கள். லொடலொடவென்று சத்தம் கேட்டால் பூட்டு தேய்ந்திருக்கிறது. கடைக்காரர் "பழசு என்றால் அப்படித்தான்" என்பார்; அப்படி இல்லை. கடைசியாக அறையின் நீளம். பழைய இங்கிலாந்துத் துப்பாக்கிகள் பல இரண்டரை அங்குலத் தோட்டாவுக்குச் செய்யப்பட்டவை. அதில் இன்றைய 70 மி.மீ. தோட்டாவைப் போட்டால் உள்ளே நுழைந்துவிடும், சுடும்போது வாய் விரிய இடம் இருக்காது, அழுத்தம் எகிறும். குழலின் அடியில் முத்திரைகளோடு அளவும் பொறித்திருக்கும். படிக்கத் தெரியாவிட்டால் நல்ல துப்பாக்கிப் பழுதுபார்ப்பவரிடம் காட்டிவிட்டுப் பணம் கொடுங்கள்.

உங்கள் மலை மூடுபனியில் தோல் உறைக்குள் துப்பாக்கியை மூடி வைப்பது துருவுக்கு விருந்து வைப்பது. எண்ணெய் தடவி, இரும்பு அலமாரியில் நிற்க வைத்துப் பூட்டுங்கள். தோட்டா வேறு பூட்டில் இருக்கட்டும். காய் உலர்த்தும் ஸ்டோரில் வைக்கிறார்கள் சிலர், சூடு இருக்கும் என்று. அங்கே பத்துப் பேர் வந்து போவார்கள், வேண்டாம்.

உங்கள் சிக்கலின் பெரும்பகுதி போடிமெட்டு செக்போஸ்ட்டில் இருக்கிறது. வழக்கமாகக் குடியிருக்கும் இடம் அல்லது தொழில் செய்யும் இடம், இரண்டில் ஒன்றின் அதிகாரியிடம் விண்ணப்பிக்கலாம். தேனி ஆட்சியரிடம் வாங்கினால் உரிமத்தில் எந்தப் பகுதிவரை செல்லும் என்று எழுதியிருக்கிறதோ அதுவரைதான். தமிழ்நாடு மட்டும் என்றிருந்தால் மேட்டைத் தாண்டிய அடுத்த நொடி அது உரிமமில்லாத துப்பாக்கி. கேரளமும் சேர்க்கப்பட வேண்டும் என்பதை விண்ணப்பத்திலேயே காரணத்தோடு கேளுங்கள். துப்பாக்கி எப்போதும் தோட்டத்திலேயே இருக்கப் போகிறது என்றால் இடுக்கியில் விண்ணப்பிப்பதே நேரான வழி. தேர்தல் வந்தால் ஒப்படைக்கச் சொல்லி நோட்டீஸ் வரும். எங்கே உரிமமோ அங்கே. 2021 சட்டமன்றத் தேர்தலில் இரு மாநிலங்களுக்கும் ஏப்ரல் 6 அன்றே வாக்குப்பதிவு. ஒப்படைத்ததற்கான ரசீதைப் பத்திரப்படுத்துங்கள், திரும்ப வாங்கும்போது அதுதான் பேசும்.

துப்பாக்கி உரிமம் பன்றியைச் சுடும் உரிமம் ஆகாது. 1972 வனவிலங்குச் சட்டத்தில் காட்டுப்பன்றி இன்றும் பாதுகாக்கப்பட்ட விலங்கு. ஆனால் உங்கள் தோட்டம் கேரளத்தில் இருப்பது ஒரு வகையில் நல்லது. 2022 முதல் அங்கே ஊராட்சித் தலைவர்களுக்கே சேதம் செய்யும் பன்றியைக் கொல்ல உத்தரவிடும் அதிகாரம் தரப்பட்டிருக்கிறது. உரிமத் துப்பாக்கி வைத்திருப்போரைப் பட்டியலில் சேர்த்து அவர்களைக் கொண்டு சுடுகிறார்கள். நீங்களும் அந்தப் பட்டியலில் சேரக் கேட்கலாம். உத்தரவு கையில் வந்த பிறகே சுட வேண்டும். உடலைப் புதைக்க வேண்டும், கறி எடுக்கக் கூடாது. தமிழ்நாட்டுப் பக்கம் 2025 ஜனவரியில் அறிவித்த ஏற்பாடு வேறு: காப்புக்காட்டு எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் சுடவே கூடாது, ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடுவது, மூன்று கிலோமீட்டருக்கு மேல் வனத்துறையினரே சுடுவது. விவசாயி கையில் துப்பாக்கிக்கு அதில் இடமில்லை. யானை வந்தாலோ எந்தப் பக்கமும் துப்பாக்கியை நினைக்கவே கூடாது. 2023 மே மாதம் அரிக்கொம்பன் யானை கம்பம் தெருவுக்குள் வந்தபோதுகூட மயக்க ஊசிக்குத்தான் உத்தரவு வந்தது. அவுட்டுக்காய் (வெடி பொதிந்த இரை) வைக்கலாம் என்பவர்களைத் தோட்டத்துப் பக்கமே விடாதீர்கள். பன்றிக்கு வைத்தது யானையின் வாயைக் கிழிக்கும், வழக்கு உங்கள் பெயரில் வரும்.

திருட்டு விஷயத்தில் சுருக்கமாகச் சொல்கிறேன். காய் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடுபவன் முதுகில் சுட்டால் நீங்கள் கொலை வழக்கில் நிற்பீர்கள். பாரதிய நியாய சன்ஹிதாவின் 41ஆம் பிரிவு, கொள்ளை, இரவில் கதவுடைத்துப் புகுதல், தீவைப்பு, உயிருக்கோ பெருங்காயத்துக்கோ நியாயமான அச்சம் தரும் திருட்டு போன்றவற்றில்தான் உயிரை எடுக்கும் எல்லைவரை போக விடுகிறது. வெறும் திருட்டுக்கு விளக்கு, நாய், கேமரா, ஸ்டோருக்கு நல்ல பூட்டு ஆகியவை ரெட்டைக்குழலைவிட அதிகம் உதவும்.

தோட்டத்தில் இரவு தங்குவது காவல்காரர்தான் என்றால் இன்னொன்றையும் கவனியுங்கள். உரிமம் உங்கள் பெயரில் இருக்கும் துப்பாக்கியை அவர் கையில் கொடுத்துவிட்டு நீங்கள் போடிக்கு இறங்க முடியாது. அவர் பெயர் உங்கள் உரிமத்தில் ரீடெய்னராக, அதாவது உங்கள் சார்பில் துப்பாக்கி வைத்திருப்பவராகப் பதிவாகியிருக்க வேண்டும். அவருக்கும் காவல் துறை விசாரணை நடக்கும். ஆள் மாறினால் பதிவையும் மாற்ற வேண்டும். விண்ணப்பம் எழுதும்போதே இதைச் சேர்த்துக் கேளுங்கள், பிறகு தனியாக அலைய வேண்டியிருக்காது.