அளவாகச் சாப்பிடுவதா, அடியோடு விடுவதா? எடைக் குறைப்பு கேள்வி பதில்

மதுரை வாசகி: அக்கா, சாயங்காலம் டீயோட ஒரு கை மிக்சர்னுதான் உக்காருவேன். எழுந்திரிக்கும்போது கால் கிலோ பாக்கெட்டுல பாதி காலி. இனிப்புல இந்தத் தொல்லை இல்ல, ஒரு லட்டோட நிறுத்திடுவேன். எல்லாத்தையும் அளவா சாப்பிடுன்னு ஒருத்தங்க சொல்றாங்க, அறவே தொடாதேன்னு இன்னொருத்தங்க சொல்றாங்க. எதைக் கேக்கறது?

பதில்: பாதி பதிலை நீங்களே சொல்லிவிட்டீர்கள். லட்டை அளவாகச் சாப்பிடுங்கள், மிக்சரை வீட்டுக்குள் விடாதீர்கள். ஒரே ஆளுக்கு ஒரு பண்டம் அடங்கும், இன்னொன்று அடங்காது. அதனால் இந்த முடிவைப் பொருளுக்குப் பொருள் தனியாகத்தான் எடுக்க வேண்டும்.

மிக்சர் உங்களிடம் அடங்காததற்குக் காரணம் உண்டு. ஒரே ருசியைத் திரும்பத் திரும்பச் சாப்பிட்டால் நாக்கு சலித்துவிடும். லட்டில் அந்தச் சலிப்பு இரண்டாவதிலேயே வந்துவிடுகிறது. மிக்சரில் ஓமப்பொடி, பூந்தி, வேர்க்கடலை, அவல், பொரித்த கறிவேப்பிலை என்று ஒவ்வொரு வாயும் வேறு மாதிரி இருப்பதால் சலிப்பு தள்ளிப்போகிறது. அதில் நீரே இல்லை, எண்ணெயும் மாவும் உப்பும்தான். வயிறு நிரம்பிய உணர்வு வருவதற்குள் 125 கிராம் உள்ளே போய்விடும். அது சுமார் 650 முதல் 700 கலோரி, ஒரு வேளைச் சாப்பாட்டுக்குச் சமம்.

எந்தப் பண்டம் எந்தப் பக்கம் என்று தெரியாவிட்டால் இப்படிச் சோதியுங்கள். சமையலறைத் தராசில் ஒரு அளவு நிறுத்துக் கிண்ணத்தில் போடுங்கள். பாக்கெட்டைக் கட்டி மேல் அலமாரியில் வைத்துவிடுங்கள். வயிறு காயும் நேரத்தில் வேண்டாம், சாப்பிட்டு ஒரு மணி நேரத்துக்குள் உட்கார்ந்து, போனும் டிவியும் இல்லாமல் தின்னுங்கள். அப்புறம் 20 நிமிடம். அதற்குள் மறுபடி எடுத்தீர்களா, எடுக்காவிட்டாலும் நினைப்பு அதிலேயே சுற்றியதா என்று எழுதி வையுங்கள். வெவ்வேறு நாளில் நான்கு முறை செய்யுங்கள். மூன்று முறையாவது நிம்மதியாக நிறுத்த முடிந்தால் அது அளவுப் பட்டியலில் சேரும். இல்லாவிட்டால் விலக்குப் பட்டியல். இது ஆராய்ச்சி முடிவு இல்லை, நடைமுறைக் கணக்கு. "எடுக்கவில்லை, ஆனால் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்" என்றால் அதைத் தோல்வியாகவே எழுதுங்கள். மாதக் கணக்கில் யாராலும் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க முடியாது.

சேலம்: ஒரு அளவுன்னா எத்தனை கிராம்?

பதில்: நொறுக்குத் தீனிக்கு 150 கலோரியை ஒரு அளவாக வைத்துக்கொண்டால் கணக்கு எளிது. மிக்சர், சிப்ஸ், முறுக்கு வகை எல்லாம் 100 கிராமுக்கு 500 முதல் 550 கலோரி வரும், ஆகவே 25 முதல் 30 கிராம். வறுத்த வேர்க்கடலை 25 கிராம். மைசூர்பா போல நெய் இனிப்பென்றால் 30 கிராம், அதாவது கடைத் துண்டில் முக்கால்வாசி. முதல் இரண்டு வாரம் தராசு வேண்டும். "ஒரு கைப்பிடி" நம்பகமில்லாத அளவு, பசியில் கை பெரிதாகிவிடும்.

திருச்சி, இல்லத்தரசி: மேடம், எனக்கு பிஸ்கட் ஆகாதுன்னு தெரியுது. ஆனா பிள்ளைங்களுக்கு ஸ்கூலுக்குக் கட்டணும், வீட்டுக்காரருக்கு டீக்கு வேணும். வாங்காம எப்படி இருக்கறது?

பதில்: வீட்டில் நால்வர் இருக்கும்போது "வாங்காதே" என்பது அறிவுரையாகாது. மூன்று வழி உண்டு.

முதலாவது, உங்களைச் சோதிக்காத வகையை வாங்குவது. கிரீம் பிஸ்கட்டில் தடுமாறுபவர் பலருக்கு வெறும் மாரி பிஸ்கட் பொருட்டே இல்லை. பிள்ளைகளோடு பேசி வகையை மாற்றலாம்.

இரண்டாவது, பெரிய பாக்கெட்டையும் சரமாகத் தொங்கும் சின்ன பாக்கெட்டுகளையும் நிறுத்திவிட்டு, அன்றைக்குத் தேவையானதை அன்றே வாங்குவது. கிராம் கணக்கில் கொஞ்சம் விலை கூடும். ஆனாலும் இதைத்தான் முதலில் சொல்வேன்.

மூன்றாவது, இருப்பிடம். கண்ணாடி ஜாடி வேண்டாம், எவர்சில்வர் தூக்கு நல்லது. அடுப்படியில் நீங்கள் நிற்கும் இடத்தில் வேண்டாம், கணவரின் பொறுப்பில் வேறு அறையில் இருக்கட்டும். எடுத்துக் கொடுப்பதும் அவரே. அதற்காக அவரைக் காவல்காரராக ஆக்காதீர்கள். "இன்னும் ஒண்ணா?" என்று அவர் கேட்கத் தொடங்கினால் மறைத்துச் சாப்பிடும் பழக்கம் வந்துவிடும்.

இன்னொன்றையும் பாருங்கள். பிள்ளைகள் தட்டில் மிச்சம் வைத்ததை வீணாக்க மனமில்லாமல் அம்மா முடிப்பது. அரை தோசை, இரண்டு பிஸ்கட், ஒரு வாய் நெய்ச்சோறு என்று நாளுக்கு 200 கலோரி இப்படியே சேரும். அவர்களுக்கு முதலில் குறைவாக வைத்து, கேட்டால் மறுபடி வையுங்கள்.

கோவை: வாரத்துல ஆறு நாள் கட்டுப்பாடா இருந்துட்டு, ஞாயித்துக்கிழமை மட்டும் இஷ்டத்துக்குச் சாப்பிடறேனுங்க. ரெண்டு மாசமா எடை அப்படியே நிக்குது.

பதில்: கூட்டிப் பாருங்கள். நாளுக்கு 400 கலோரி குறைத்தால் ஆறு நாளில் 2400. ஞாயிறன்று மூன்று பரோட்டா சால்னாவோடு ஆயிரத்தைத் தாண்டும், ஏனென்றால் எண்ணெயைப் பொறுத்து ஒரு பரோட்டாவே 250 முதல் 300. அதோடு மதியம் பிரியாணி, சாயங்காலம் ஐஸ்கிரீம், குளிர்பானம். வழக்கத்தைவிட 1500 முதல் 2000 கூடுவதற்குப் பெரிய முயற்சி தேவையில்லை. மிஞ்சுவது 400 அல்லது 900. உடலில் ஒரு கிலோ கொழுப்பு ஏறக்குறைய 7700 கலோரி. தராசு நகராததில் வியப்பில்லை.

"இஷ்ட நாள்" என்பதை "ஒரு வேளை, ஒரு பண்டம்" என்று சுருக்குங்கள். மதியம் பிரியாணி என்றால் அன்றைக்கு அதுதான், மற்ற வேளைகள் வழக்கம்போல. திங்கட்கிழமை பட்டினி கிடந்து ஈடுகட்டப் பார்க்காதீர்கள், செவ்வாய்க்கிழமை மாலை அதன் பலன் தெரியும்.

சென்னை, கல்லூரி மாணவர்: அக்கா, ஒரு சமோசா தின்னுட்டா 'சரி, இன்னிக்குப் போச்சு'ன்னு ராத்திரி வரைக்கும் தின்னுட்டே இருக்கேன். ஏன்?

பதில்: உங்களுக்கு மட்டும் இல்லை. 1975-ல் ஹெர்மன், மேக் என்ற இரு உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். சிலருக்கு முதலில் மில்க்‌ஷேக் கொடுத்து, பிறகு ஐஸ்கிரீமை வேண்டிய மட்டும் ருசி பார்க்கச் சொன்னார்கள். சாதாரணமாகச் சாப்பிடுபவர்கள் மில்க்‌ஷேக் குடித்த பிறகு ஐஸ்கிரீமைக் குறைத்துக்கொண்டார்கள். உணவுக் கட்டுப்பாட்டில் இருந்தவர்களோ மில்க்‌ஷேக் குடித்த பிறகு இன்னும் அதிகமாகத் தின்றார்கள். விதி உடைந்துவிட்டது என்ற எண்ணமே அணையைத் திறந்துவிடுகிறது.

அடியோடு விடுவதில் உள்ள உண்மையான ஆபத்து இதுதான், அந்த முறையை ஆதரிப்பவர்கள் இதைச் சொல்வதில்லை. ஆகவே விதியை எழுதும்போதே மீறினால் என்ன செய்வது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்: "சமோசா சாப்பிட்டுவிட்டால் அடுத்த வேளை வழக்கமான சாப்பாடு, வழக்கமான நேரம்." குறைக்கவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம். ஒரு சமோசா சுமார் 250 கலோரி. உங்கள் எடையை நிறுத்தி வைப்பது அதற்குப் பிறகு வரும் ஆயிரம். விதியையும் குறுக்கிக்கொள்ளுங்கள். "பொரித்த எதுவும் கூடாது" என்பது தினமும் உடையும். "கேண்டீனில் சமோசா வாங்குவதில்லை" என்பது நிற்கும்.

ஓசூர், தொழிற்சாலைப் பணி: நாலு மணிக்கு பஜ்ஜி, வடை தட்டு வரும். அந்த நேரத்துல மனசுல உறுதியே இருக்கறதில்ல.

பதில்: மதியம் என்ன சாப்பிட்டீர்கள் என்று பாருங்கள். சோறு, ரசம், கொஞ்சம் பொரியல் என்றால் நான்கு மணிக்கு வருவது நிஜப் பசி, அதை மனவுறுதியால் வெல்ல வேண்டியதில்லை. மதியத்தில் இரண்டு முட்டையோ, ஒரு கிண்ணம் கெட்டிப் பருப்போ, மீனோ சேருங்கள். மூன்றரைக்கே 100 கிராம் கொண்டைக்கடலைச் சுண்டல் சாப்பிட்டுவிடுங்கள், சுமார் 165 கலோரி, 9 கிராம் புரதம். தட்டு வரும்போது பசி அடங்கியிருக்கும், அப்போது ஒரு வடையோடு நிறுத்துவது நடக்கிற காரியம். இரவுப் பணி முடித்துத் தூக்கம் குறைந்த நாட்களில் பசி கூடும். அந்த நாட்களுக்குச் சுண்டலை மறக்காமல் கட்டிக்கொள்ளுங்கள்.

தஞ்சாவூர்: கல்யாண வீட்டுல, தீபாவளிக்கு, வேணாம்னா கோவிச்சுக்கறாங்களே?

பதில்: விருந்தை விலக்குப் பட்டியலில் சேர்க்காதீர்கள். ஆண்டுக்குப் பத்து விருந்து யாரையும் குண்டாக்காது. இலையில் வைத்த இனிப்பை ரசித்துச் சாப்பிடுங்கள். பாயசம் வரும்போது இலைக்கு மேல் கையை நீட்டி "போதும், திருப்தியா இருக்கு" என்று சொல்லுங்கள். "டயட்" என்று சொன்னால்தான் விவாதம் கிளம்பும்.

தீபாவளியில் சிக்கல் அந்த ஒரு நாளில் இல்லை, அதன் பின் இரண்டு வாரம் வீட்டில் கிடக்கும் டப்பாக்களில் இருக்கிறது. வந்த பலகாரத்தில் வீட்டுக்கு இரண்டு நாளைக்கானதை எடுத்துக்கொண்டு மீதியை மறுநாளே கொடுத்துவிடுங்கள். தீபாவளி மருந்தும் வெல்லமும் நெய்யும் சேர்ந்ததுதான், சுண்டைக்காய் அளவு போதும்.

ஈரோடு: சர்க்கரைக்குப் பதில் நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி போட்டு, பிஸ்கட்டும் சுகர்ஃப்ரீயா வாங்கினா அளவு பார்க்க வேண்டாமில்லையா?

பதில்: பார்க்க வேண்டும். 100 கிராம் சர்க்கரை சுமார் 400 கலோரி, வெல்லம் சுமார் 380. எடையைப் பொறுத்தவரை வித்தியாசமே இல்லை. சுகர்ஃப்ரீ பிஸ்கட்டில் மைதாவும் கொழுப்பும் அப்படியே இருக்கும். பின்பக்கம் 100 கிராமுக்கு எத்தனை கலோரி என்று போட்டிருப்பதைப் பாருங்கள், 450-ஐ ஒட்டி இருந்தால் அது சாதாரண பிஸ்கட்தான். சர்க்கரைக்குப் பதிலாகப் போடும் மால்டிடால் என்ற இனிப்பூட்டி சேர்த்ததென்றால் நிறையத் தின்னும்போது வயிறு உப்பும், பேதியும் ஆகலாம். "நல்லது" என்ற பெயரில் இரண்டு மடங்கு உள்ளே போவதுதான் இவற்றில் நடக்கும் பெரிய தவறு.

நாகர்கோவில்: அப்போ சோறையும் விட்டுடலாமா?

பதில்: வேண்டாம். வெறும் சோறை யாரும் பாக்கெட் பாக்கெட்டாகத் தின்பதில்லை. ஒரு வேளைக்கு வெந்த சோறு 150 கிராம், சுமார் 195 கலோரி. காய் அதற்குச் சமமான அளவு.

திருநெல்வேலி: அம்மாவுக்கு சர்க்கரை நோய், இன்சுலின் போடுறாங்க. எடை குறைக்கச் சொல்லியிருக்காங்க. வீட்டுல இனிப்பே இல்லாம பண்ணிட்டேன். சரிதானே?

பதில்: ஒன்றை உடனே திருத்துங்கள். குளுக்கோஸ் பொடி அல்லது சர்க்கரை கைக்கெட்டும் இடத்தில் எப்போதும் இருக்க வேண்டும். சர்க்கரை அளவு 70-க்குக் கீழே போனால் 15 கிராம், அதாவது மூன்று டீஸ்பூன், தண்ணீரில் கலக்கிக் கொடுத்து 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். மயங்கிவிட்டால் வாயில் எதுவும் ஊற்றாமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். சாப்பாட்டைக் குறைக்கும் முன் இன்சுலின் அளவை மருத்துவரிடம் மாற்றிக்கொள்ளுங்கள்.

பெயர் வேண்டாம் என்றவர்: ராத்திரி எல்லாரும் தூங்கினதும் வயிறு வலிக்கற வரைக்கும் சாப்பிடறேன். நிறுத்த முடியல. அப்புறம் அழுகையா வருது. நான் எதை விடணும்?

பதில்: இப்போதைக்கு எதையும் விட வேண்டாம், எடைக் குறைப்பையும் தள்ளி வையுங்கள். கட்டுக்கடங்காமல் இப்படிச் சாப்பிடுவது வாரத்துக்கு ஒரு முறையாவது மூன்று மாதம் தொடர்ந்தால் மருத்துவத்தில் அதற்குத் தனிப் பெயரும் சிகிச்சையும் உண்டு. விலக்குப் பட்டியல் இதைப் பெரும்பாலும் மோசமாக்கும். மூன்று வேளையும் நேரத்துக்குச் சாப்பிடுங்கள், குறிப்பாக மதியத்தை விடாதீர்கள். இந்த வாரமே ஒரு மனநல மருத்துவரையோ உளவியலாளரையோ பாருங்கள். மூன்று மாதம் ஆகட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இது உங்கள் ஒழுக்கக் குறைவு இல்லை. சிகிச்சையில் குணமாகிறவர்கள் நிறைய.

விழுப்புரம்: விலக்கினதை என்னிக்காவது திரும்பச் சாப்பிடலாமா? ஒரே நேரத்துல எத்தனை விலக்கலாம்?

பதில்: மூன்றுக்கு மேல் வேண்டாம். பட்டியல் நீண்டால் சாப்பிட ஒன்றும் இல்லை என்ற எண்ணம் வந்து எல்லாமே உடையும். மூன்று மாதம் கழித்து ஒன்றை மட்டும், வீட்டுக்கு வெளியே, ஒரு தட்டு வாங்கிச் சாப்பிட்டுப் பாருங்கள். அடுத்த இரண்டு நாள் அந்த நினைப்பே வரவில்லை என்றால் மாதம் இருமுறை அப்படியே தொடரலாம். பாக்கெட்டை வீட்டுக்குக் கொண்டுவருவதை அதற்கும் இரண்டு மாதம் தள்ளிப் போடுங்கள்.