நாதஸ்வரத்தில் யார் தொழில்காரர்?

முப்பது வருடமாகக் கோயிலிலும் கல்யாண மண்டபத்திலும் நாதஸ்வரம் வாசிக்கிறேன். "தொழில்முறைக் கலைஞர் என்று யார் சொல்லிக்கொள்ளலாம்?" என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: அண்ணா, நான் பள்ளி ஆசிரியர். லீவு நாளில் மட்டும் முகூர்த்தம் வாசிக்கிறேன். நானும் தொழில்முறைக் கலைஞன்தானா?

பதில்: ஆமாம் தம்பி. சோறு எங்கிருந்து வருகிறது என்று பார்த்து இதை முடிவு செய்யக்கூடாது. அந்தக் காலத்தில் கோயில் மேளக்காரர்களுக்கு மானிய நிலம் இருந்தது, அதில் விளைந்த நெல்லில் குடும்பம் நடந்தது. அவர்களைவிடப் பெரிய தொழில்காரர்கள் யார்? நான் பார்ப்பது வேறு. சாமி புறப்பாட்டுக்குக் கம்பீர நாட்டை ராகத்தில் மல்லாரி என்ற ஊர்வல இசை, பள்ளியறைக்கு நீலாம்பரி ராகம் என்று இடத்துக்கு உரியது கைவசம் இருக்கிறதா? வாசிக்கும்போது, வாயில் வைத்து ஊதும் சீவாளி மக்கர் செய்தால், வாத்தியத்தில் கட்டித் தொங்கும் மாற்றுச் சீவாளி பதமாக இருக்கிறதா? நாலரை மணி முகூர்த்தத்துக்கு மூன்றரைக்கே சுருதி சேர்ந்துவிட்டதா? இருந்தால் நீங்கள் தொழில்காரர். மாதம் இருபது கச்சேரி வாசித்தும் இது எதுவும் இல்லாதவர்களோடு உட்கார்ந்து நான் கஷ்டப்பட்டிருக்கிறேன்.

கேள்வி: கெட்டிமேளம் கொட்டுவதெல்லாம் கலையா? சபாவில் வாசித்தால்தானே மதிப்பு?

பதில்: இந்தக் கேள்வி எனக்கு வலிக்கிறது. தாலி ஏறும் நேரத்தில் அபசகுனமான சொல் எதுவும் காதில் விழக்கூடாது என்பதற்காக வந்தது கெட்டிமேளம். சாஸ்திரிகள் கை தூக்கியதும், ராகத்தில் எங்கே நின்றாலும் அப்படியே விட்டுவிட்டுத் தவிலோடு ஒன்றாக எழ வேண்டும். கண் மணவறையில், காது தவிலில். சபாவில் பிசகினால் அடுத்த தாளச் சுற்றான ஆவர்த்தனத்தில் சேர்ந்துகொள்ளலாம். இங்கே அந்த நொடி திரும்பி வராது.

கேள்வி: வானொலி கிரேடு அவசியமா ஐயா?

பதில்: அகில இந்திய வானொலியில் வாசிப்பைக் கேட்டு, பி, பி ஹை, ஏ, டாப் என்று தரம் பிரித்து கிரேடு தருகிறார்கள். வாங்குங்கள், நல்லது. வாங்காத மகா வித்வான்களும் கிராமங்களில் இருக்கிறார்கள்.

கேள்வி: பணம் பேசக் கூச்சமாக இருக்கிறது. எப்படிக் கேட்பது?

பதில்: முதல் போனிலேயே பேசிவிடுங்கள். ரெண்டு நாதஸ்வரம், ரெண்டு தவில், தாளம், சுருதிப் பெட்டி, வண்டி வாடகை, எத்தனை வேளை வாசிப்பு என்று எல்லாம் சொல்லி, அச்சாரம் வாங்கிய பிறகே தேதியைக் குறியுங்கள். ஒருமுறை இடையில் நின்று பேசிய ஆள் பணத்தோடு போய்விட்டார். தவில்காரர்களுக்கு நான் வீட்டுப் பணத்தை எடுத்துக் கொடுத்தேன். விரலில் கூடு மாட்டி விடியவிடிய அடித்தவரை வெறுங்கையோடு அனுப்ப முடியுமா? கூட வாசித்தவர் பங்கை மண்டபத்தை விட்டுக் கிளம்பும் முன்பே கொடுத்துவிடுவதுதான் தொழில் தர்மம். இதில் தவறுபவர் எவ்வளவு நன்றாகத் தோடி ராகம் வாசித்தாலும் நான் அவரோடு போவதில்லை.

கேள்வி: ஆடியிலும் மார்கழியிலும் என்ன செய்வீர்கள்?

பதில்: கல்யாணம் இல்லையே தவிர ஆடியில் அம்மன் கோயில் திருவிழா, மார்கழியில் விடியற்காலைக் கோயில் வாசிப்பு. மிச்ச நேரம் வீட்டில் வாசித்துப் பழகும் சாதகம்.

கேள்வி: என் மகளுக்கு நாதஸ்வரம் கற்க ஆசை. பெண் பிள்ளைக்குச் சரிப்படுமா?

பதில்: மதுரை பொன்னுத்தாய் அம்மாள் வாசித்துப் பேர் வாங்கிய வாத்தியம் அம்மா இது! மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் 3 வருடப் படிப்பாக நாதஸ்வரம் இருக்கிறது. போய்ச் சேருங்கள். புது வாத்தியத்துக்கு அவசரப்பட வேண்டாம். முதலில் மூச்சு பழகட்டும், பிறகு நாதஸ்வரம் செய்யும் ஊரான நரசிங்கம்பேட்டைக்குக் கூட்டிப் போய் ஆச்சா மரத்தில் கடைந்ததாக ஒன்று வாங்கிக் கொடுங்கள்.